பன்னிரண்டாவது காசு

ஹோல்ட்பி, லிங்கன்ஷயர்
9 ஜூன் 2004

ஜோஸிக்கு,

தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டுத் தொலைபேசி கூடத்தில் இருக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டுவாள். அதனால் முட்டைக்கோஸ் கொட்டகையில், தேநீர் இடைவேளையில், கையுறையைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

வருகிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து எட்டுப் பேர், செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, டௌஸின் தாழ்வயலைத் தோண்ட வருகிறார்கள். பட்டாணி அறுத்த பிறகு, கோதுமை விதைப்பதற்கு முன்னால், மூன்று வாரம். டௌஸ் ஒத்துக்கொண்டார். வயல் வாசற்கதவை மட்டும் மூடிவிட்டுப் போங்கள் என்றாராம்.

ஏழு வருடம் என் அண்ணன் சொன்னதைக் கேட்டு, உலோகம் தேடும் கருவியோடு வயல் வயலாக நடக்கும் நம் கிளப்பில் சிரிக்காத ஆள் உண்டா? ஒரு ஓட்டுத் துண்டையும் நாலு ஆணியையும் வைத்துக்கொண்டு, அந்த வயலுக்கு அடியில் ரோமானியர் வீடு இருக்கிறது என்று கீத் அடம்பிடித்தான். "என்ன சீசர், இன்னைக்காவது அரண்மனை கெடச்சுதா?" என்று பாரி பூல் கேட்பான். கீத் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பான். அதே பாரி போன வாரம் கொட்டகை வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். "ஒங்கண்ணன் சொன்னதுதான் சரி வெண்டி. நாங்கதான் மடையனுங்க" என்றான். கையில் ஒரு பிளம் ரொட்டி வேறு வைத்திருந்தான், அவன் மனைவி சுட்டதாம்.

தாழ்வயலில் நாம் எடுத்த ரோமானியக் காசுகளை அருங்காட்சியகத்து ரூத் ஒரு நிபுணருக்கு அனுப்பியிருந்தார் அல்லவா. அவர் எழுதியிருக்கிறார்: ஏறக்குறைய எல்லாமே கிழக்கே அச்சடித்தவை. சிஸ்கியா, தெசலோனிக்கே. நம் பக்கத்து வயல்களில் அந்த ஊர்க் காசுகள் கிடைப்பது அபூர்வமாம், இங்கே வருவதெல்லாம் ட்ரியர், லியோன் ஊர்க் காசுகள்தானாம். கிழக்கே வேலை பார்த்த படைவீரன் எவனோ இங்கே குடியேறியிருக்கலாம் என்கிறார். அம்மா பைபிளில் தெசலோனிக்கேயர் பக்கத்தைத் தேடி நாடா வைத்திருக்கிறாள்.

இன்னொரு செய்தி. கீத்தின் கார் பனிமூட்டத்தில் வாய்க்காலில் இறங்கி இந்த நவம்பரோடு இரண்டு வருடம். அவன் கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அம்மா இத்தனை நாள் கல்லே வைக்கவில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெயர், இரண்டு தேதி, கீழே ஒரு வரி: "அவன் சொன்னது உண்மை." கல்தச்சர் ஆகஸ்ட் கடைசியில் வெட்டுவார்.

வயலோரம் ஒரு பலகை வைக்கிறார்கள். கீத்தைப் பற்றி எட்டு வரி வேண்டும். நீதான் படித்தவள், நீ எழுது.

வெண்டி

*

டர்ஹம்
18 ஜூன் 2004

அன்புள்ள வெண்டி,

உன் கடிதத்தை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் மதியச் சாப்பாட்டின்போது மூன்று முறை படித்தேன். பாரி பூல் ரொட்டியோடு நின்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இங்கே பத்து நாளாக மழை. ஆற்றுத் தண்ணீர் மாதிரிகள் எல்லாம் கலங்கலாக வருகின்றன. என்னோடு வேலை செய்பவர்கள் நல்லவர்கள். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் சேர்ந்து வெளியே போவார்கள். எனக்கு இன்னும் அந்த மேசையில் எப்போது பேச வேண்டும் என்று தெரியவில்லை.

அந்த நிபுணர் சொல்வது எவ்வளவு உறுதி? கிழக்கு ஊர்க் காசுகள் இங்கே வர வேறு வழி இருக்காதா? பல்கலைக்கழகத்தாரை ஒரு வருடம் கழித்து வரச் சொல்ல முடியுமா என்று ரூத்திடம் கேட்டுப் பாரேன். பட்டாணி அறுத்ததும் நிலம் களைத்திருக்கும். தோண்டுகிறவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் போய்விட்டால் உன் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

கல்லுக்கும் அவசரம் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

பலகைக்கு என்னால் எழுத முடியாது. எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. கோபித்துக்கொள்ளாதே.

ஜோஸி

*

ஹோல்ட்பி
25 ஜூன் 2004

ஜோஸி,

நிலம் களைத்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். நீ உருளைக்கிழங்கு லாரிக்காரர் மகள். பட்டாணி நிலத்துக்கு உரம்தான் சேர்க்கும் என்று உனக்குத் தெரியாதா? வேறு பொய் கிடைக்கவில்லையா?

எட்டு வரி கேட்டேன். நாலு வருடம் கல்லூரியில் படித்தவளுக்கு எட்டு வரி வரவில்லை. அம்மாவிடம் உனக்கு வேலை அதிகம் என்று சொன்னேன். "பாவம், பட்டணத்துல சாப்புடுதோ என்னமோ" என்றாள். எனக்கு உண்மை தெரியும். உனக்கு எங்களோடு சேர்த்துப் பேசப்படுவது வெட்கமாக இருக்கிறது. சேற்றுப் பூட்ஸ், கிளப், டௌஸ் வயல் எல்லாம். அந்த வெள்ளிக்கிழமை மேசையில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா?

போன வருடம் நான் கீத்தின் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுக்கையில் கிடந்தபோது என்னை இழுத்து வெளியே கொண்டுவந்தவள் நீ. "இன்னைக்கு ஒரு நாள் வாடி. ஒரே ஒரு நாள். நான் தனியாப் போனா டௌஸோட நாய் கடிக்கும்" என்றாய். அந்தப் பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

பலகைக்கு ரூத் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். நீ சிரமப்பட வேண்டாம்.

வெண்டி

*

டர்ஹம்
4 ஜூலை 2004

வெண்டி,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. கொட்டகையில் வேண்டாம்.

அந்தக் காசுகளைத் தாழ்வயலில் புதைத்தது நான்.

இதை எழுதி, கிழித்து, திரும்ப எழுதி ஒரு வாரம் ஆகிவிட்டது. இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்ட் கடைசியில் நாணயச் சந்தைக்குப் போனேன். ஒரு கடையில் பிஸ்கட் டப்பா நிறையக் கழுவாத ரோமானியக் காசுகள் இருந்தன. மண் ஒட்டிய பச்சைச் செம்பு. குழந்தைகளுக்குக் கூட வாங்கிக் கொடுக்கிறார்கள், அவ்வளவு மலிவு. ஒரு பொட்டலம் வாங்கினேன். மறுநாள் மதியம், டௌஸ் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், நாற்று நடும் குச்சியால் அரிதாள் நடுவே துளை போட்டு, நாலு விரல் ஆழத்தில் ஒவ்வொன்றாக வைத்து, மேலே மண்ணைத் தட்டிவிட்டேன். கீத் எப்போதும் நடக்கும் வரிசையிலேயே வைத்தேன். அந்த வரிசையில்தான் நீ நடப்பாய் என்று தெரியும்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை என்று எழுதப் பார்த்தேன். அது பொய். ஏமாற்றத்தான் நினைத்தேன், ஒரே ஒரு நாளுக்கு. பத்து மாதமாக நீ தலை சீவவில்லை. உன் அம்மா தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவாள், தொடாத தட்டைத் திரும்ப எடுப்பாள். ஒரு நல்ல சத்தம் கேட்டால், கையில் ஒரு காசு வந்தால், நீ எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன். அன்று மாலையே, ஃபிளாஸ்க் தேநீரைக் குடித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீ என்னை அடிப்பாய், இரண்டு பேரும் சிரிப்போம் என்று.

ஆனால் முதல் காசு கிடைத்ததும் நீ மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். சிரித்தாய். பிறகு, "அவன் சொன்னானே, ஜோஸி. அவன் சொன்னானே" என்றாய். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

ரூத்திடம் கொண்டுபோவாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோகிறவர்கள். அவர் செம்புக் காசுதானே என்று பதிவு செய்து திருப்பிக் கொடுத்துவிடுவார், அதோடு முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காசின் அடியில் இருக்கும் எழுத்து எந்த ஊருடையது என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று கூடத் தெரியவில்லை. அந்த டப்பாக்கள் எல்லாம் பால்கன் பக்கத்திலிருந்து மூட்டையாக வருகின்றன என்று இப்போதுதான் விசாரித்தேன். உன் படைவீரன் அந்த மூட்டைதான்.

ஜனவரியில் வேலை கிடைத்ததும் ஓடி வந்துவிட்டேன். நீ நினைக்கிறபடி உங்களைக் கண்டு வெட்கப்பட்டு வரவில்லை.

எட்டுப் பேர் வந்து தோண்டுவதற்கு முன்னால் ரூத்துக்குத் தெரிய வேண்டும். கல்லில் அந்த வரி வெட்டுவதற்கு முன்னால் உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். நானே வந்து சொல்கிறேன். நீ வரச் சொன்னால் மட்டும்.

ஜோஸி

*

ஹோல்ட்பி
13 ஜூலை 2004

நீ வர வேண்டாம். நானே போய்ச் சொன்னேன்.

உன் கடிதத்தை ரூத் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டார். பிறகு பதிவைத் திறந்து ஒவ்வொரு காசாக, ஒவ்வொரு வரியாக நீக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கீத்தின் பெயரை அந்த இடத்துக்கு வைத்திருந்தார். அதையும் எடுத்தார்.

"அந்த வயல்லேருந்து இனிமே எது வந்தாலும் என்னால எழுத முடியாது வெண்டி. என் மேல கோவிச்சுக்காதீங்க" என்றார். தோண்ட வருகிறவர்களுக்கு என் முன்னாலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டார். டௌஸ் இனி யாரையும் கருவியோடு உள்ளே விட மாட்டாராம். பாரி பூல் என்னைப் பார்த்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறான். அவன் சீசர் என்று கூப்பிட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கல்தச்சருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. எத்தனை காசு புதைத்தாய்? எண்ணிக்கை மட்டும் எழுது. வேறு ஒரு வரி இருந்தாலும் படிக்காமல் அடுப்பில் போடுவேன்.

வெ.

*

டர்ஹம்
16 ஜூலை 2004

பதினொன்று.

ஜோஸி

*

ஹோல்ட்பி
20 ஜூலை 2004

ஜோஸி,

என்னிடம் பன்னிரண்டு இருக்கின்றன.

நான்கு முறை எண்ணினேன். அம்மா குளிக்கப் போனபோது சமையலறை மேசையில் பரப்பி எண்ணினேன். பன்னிரண்டு.

நீ இருந்தபோது ஒன்பது எடுத்தோம். நீ போன பிறகு நான் தனியாக மூன்று எடுத்தேன். அதில் இரண்டு அதே வரிசையில், அதே நாலு விரல் ஆழத்தில். ஆனால் பிப்ரவரியில் எடுத்த கடைசிக் காசு அப்படியில்லை. வாய்க்கால் ஓரத்தில், கலப்பை திரும்பும் இடத்துக்கும் அப்பால், உழவே படாத கரையில் கிடைத்தது. ஒரு சாண் ஆழம். சத்தம் அவ்வளவு மெலிசாக இருந்தது, ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை திரும்ப வந்து பார்த்தேன். தோண்டித் தோண்டிக் கை வலித்தது. அப்போதே மற்றவை ஏன் இவ்வளவு மேலாகக் கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நிபுணரின் தாளை எடுத்துப் பார்த்தேன். கிழக்கு என்று எழுதாதது ஒன்றே ஒன்றுதான். கடைசி வரி, அந்தக் கரைக் காசு. ட்ரியர், நம் பக்கத்து வயல்களில் வழக்கமாக வரும் ஊர்.

கீத்தின் ஓட்டுத் துண்டும் அந்தக் கரையில்தான் கிடைத்தது.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம். இப்போது எல்லாவற்றையும் எழுது. எந்த இடத்தில் ஆரம்பித்தாய், எங்கே முடித்தாய், வாய்க்கால் பக்கம் போனாயா, பொட்டலத்தில் எத்தனை இருந்தன. ஒன்றையும் விடாதே. ரூத்திடம் கொண்டுபோக வேண்டும்.

வெண்டி

*

டர்ஹம்
23 ஜூலை 2004

வெண்டி,

நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வரைபடம் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். வாசற்கதவில் ஆரம்பித்து ஆஷ் மரத்தை நோக்கி நேராக நடந்தேன். இருபது அடிக்கு ஒன்று. மரத்தடியில் முடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். வாய்க்கால் பக்கம் போகவே இல்லை. அங்கே போக என்னால் முடியாது, ஏன் என்று உனக்குத் தெரியும். கீத்தின் கார் இறங்கியது அந்த வாய்க்காலில்தானே.

பொட்டலத்தில் பன்னிரண்டு இருந்தன. டஜன் டஜனாகத்தான் விற்றார்கள். பதினொன்றைத்தான் புதைத்தேன். ஒன்றை வைத்துக்கொண்டேன். அதில் ஒரு அரசனின் முகம், மூக்கு தேய்ந்து கீத் சாயலில் இருந்தது. புதைக்க மனம் வரவில்லை. இதோடு அனுப்புகிறேன்.

இந்த ஒரு காசை மறைத்திருந்தால், பொட்டலத்தில் பதினொன்று என்று எழுதியிருந்தால், உனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி உனக்கு ஒரு சின்னப் பொய் கூடச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துதான் எழுதுகிறேன்.

ரூத்துக்கும் இதையே தனியாக எழுதுகிறேன். எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன்.

கீத் சொன்னது சரியாக இருந்திருக்கலாம், வெண்டி. நீ எடுத்தது அவனுடைய காசு.

ஜோஸி

*

ஹோல்ட்பி
5 செப்டம்பர் 2004

ஜோஸி,

ஆறு வாரம் பதில் போடவில்லை. போட ஒன்றுமில்லாமல் இருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாளே அரை நாள் விடுப்பு எடுத்து, உன் வரைபடம், நீ அனுப்பிய காசு, என் பன்னிரண்டு காசு, கீத்தின் ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் ஒரு சாண்ட்விச் டப்பாவில் போட்டு ரூத்திடம் கொண்டுபோனேன். நீ எழுதியதும் அவருக்கு வந்திருந்தது. பொறுமையாகக் கேட்டார். ட்ரியர் காசைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். முகம் ஒருமுறை மாறியது, நான் கவனித்தேன். பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் திரும்ப அடுக்கினார்.

"பொட்டலத்துல பன்னெண்டு. உங்க கையில பன்னெண்டு. நான் என்னன்னு எழுதட்டும், சொல்லுங்க" என்றார்.

ஒன்றை நீ வைத்திருந்தாய், இதோ இருக்கிறது என்றேன். இது எந்தச் சந்தையிலும் கிடைக்குமே என்றார். அந்த டப்பாக்களில் எப்போதாவது ட்ரியர் காசும் கலந்திருக்கும் என்றார். ஒரு சாண் ஆழம் என்றேன். நான் சொல்வதைத் தவிர அதற்குச் சாட்சி இல்லை. "நான் உங்கள நம்புறேன் வெண்டி. ஆனா என் நம்பிக்கையப் பதிவுல ஏத்த முடியாது" என்றார். அந்தக் கரையை மட்டும் தோண்டிப் பார்க்கலாமே என்று கெஞ்சினேன். பொய்க் காசு கிடந்த வயலுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வராது, டௌஸும் விட மாட்டார் என்றார். போன வாரம் அவர் உழுதுவிட்டார். இந்த முறை கரையையும் சேர்த்து, வாய்க்கால் விளிம்பு வரைக்கும். ஆட்கள் வந்து தோண்டித் தொல்லை கொடுப்பார்கள் என்று பயமாம்.

பேருந்தில் திரும்பும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. அதுதான் இந்த ஆறு வாரமும். நீ பதினொன்று என்று எழுதினாய். நான் எண்ணிக்கை கேட்டதும் உனக்கு விஷயம் புரிந்திருக்குமோ? என்னிடம் பன்னிரண்டு இருக்கும் என்று ஊகித்து, ஒன்றைக் குறைத்துச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாயோ? சந்தைக்குப் போய் இன்னொரு காசு வாங்கி உறையில் போட்டிருப்பாயோ? நீ அப்படிச் செய்யக்கூடியவள். என் மேல் உள்ள அன்பில் செய்வாய். அதுதான் தொந்தரவு. என்னைப் பிடிக்காத ஒருத்தி பதினொன்று என்று சொல்லியிருந்தால் நான் உடனே நம்பியிருப்பேன்.

கொட்டகையில் முட்டைக்கோஸ் தரம் பிரிக்கும்போது நம்புகிறேன். வீட்டுக்கு வந்து அம்மா முகத்தைப் பார்த்ததும் நம்ப முடியவில்லை. சில நாள், பிப்ரவரியில் கேட்ட அந்தச் சத்தத்தையே சந்தேகப்படுகிறேன். அத்தனை ஆழம் தோண்டினேனா, இல்லை ஆசையில் இப்போது ஆழமாக்கிக்கொள்கிறேனா என்று.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். "அப்போ அவன் சொன்னது பொய்யா?" தெரியாது அம்மா என்றேன். "பொய்யின்னாவது சொல்லேண்டி" என்றாள். என்னால் அதையும் சொல்ல முடியவில்லை. உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அந்தப் பெண் சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்டாள்.

கல் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. அந்த வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அப்படியானால் பெயரை நடுவில் வெட்டட்டுமா என்று கல்தச்சர் கேட்டிருந்தார். அம்மா வேண்டாம் என்றாள். "மேலேயே வெட்டுங்க. கீழ எடம் இருக்கட்டும்." ஆகவே பாதிக் கல் வெறுமையாக இருக்கிறது. வருகிறவர்கள், காசு போதவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

நீ நல்லதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அன்று நீ வந்து இழுக்காவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தே எழுதுகிறேன்: இதற்குப் பதில் போடாதே. நீ என்ன எழுதினாலும் நான் அதைப் பிரித்துப் படிப்பேன், பதினொன்றுதான் என்று சத்தியம் செய்திருக்கிறாயா என்று தேடுவேன், செய்திருந்தால் உன்னைச் சந்தேகப்படுவேன், செய்யாமல் விட்டிருந்தாலும் சந்தேகப்படுவேன்.

வெண்டி